கப்பல் சாரும் மேஸ்திரியின் அவசரமும்

கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து போக வேண்டிய ஊர் பெங்களூர். அந்த ஊரில், வைட்ஃபீல்டில், பதினோராவது மாடி பால்கனியில் உட்கார்ந்தபடியே கடல் அலை ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்த ஒரே மனிதர் எங்கள் கப்பல் சார்தான். இதில் யாரும் என்னோடு வாதாட முடியாது. நான் அதே வரிசையில் ஒன்பதாவது மாடி. வாந்தி விழுந்தது என் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டின் மேல்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. செக்யூரிட்டி முனியப்பன் ஒருநாள் "கப்பல் சார், உங்களுக்குப் பார்சல்" என்று கூப்பிட, அன்றோடு அந்தப் பெயர் செத்துப்போயிற்று. பிறகு அசோசியேஷன் மெயின்டனன்ஸ் ரசீதே "கப்பல் சார், 1104" என்று வந்தது. வேறு யாராக இருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பார்கள். இவர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார்.

குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பெங்களூர்வாசி. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், இரண்டிலும் கோபம் அடங்காவிட்டால் இங்கிலீஷ். ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலை. மாரத்தஹள்ளி நெரிசலில் ஆபீஸ் வண்டி நின்றுவிட்டால் மற்றவர்கள் தூங்குவார்கள், சிலர் வீட்டுக்கு போன் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். இவர் போனில், பாய்மரப் படகில் குடித்தனம் நடத்துகிற வெள்ளைக்காரத் தம்பதிகளின் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். வண்டி நகராத நேரத்திலேயே ஒரு மனிதன் மாலுமியாக முடியும் என்றால், அது எங்கள் ஊரில்தான் முடியும்.

ஒருமுறை அதே வண்டியில் நானும் இருந்தேன். என் தோளைத் தட்டி எழுப்பிப் போனை நீட்டினார். பெங்களூர்ப் பழக்கப்படி அவருக்கு எல்லோரும் 'குரு'தான்.

"குரு, ஸ்வல்ப யோசிச்சுப் பாரு. டீசல் போட்டு நிக்கிறோம். அங்க பாரு, வெறும் காத்துல போறான்!"

"காத்து நின்னுட்டா சார்?"

"நிக்கட்டுமே! இங்க நிக்கலையா? அங்க நின்னா மீன் புடிக்கலாம். இங்க நின்னா என்ன புடிக்கலாம்?"

நான் பாலாற்றங்கரையில் வளர்ந்தவன். அதாவது தண்ணீரைப் பார்க்காமலே வளர்ந்தவன். சும்மா தலையாட்டி வைத்தேன். அப்போது ஆட்டிய தலை என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

வெறும் பேச்சு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மனிதர் லீவு போட்டுப் போட்டு மங்களூர்ப் பக்கம் போய்ப் பாய் கட்டவும் இறக்கவும் ஒழுங்காகப் படித்தார். கடைசியில் ஒரு பழைய படகை வாங்கியே விட்டார். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், ஒருவர் சமைக்கலாம், இன்னொருவர் குறுக்கே வந்தால் சமைக்கிறவர் வெளியே போக வேண்டும். அதற்கு திருஷ்டி கழிக்க வைட்ஃபீல்டு மார்க்கெட்டிலிருந்தே பூசணிக்காய் வாங்கிப் போனார். மங்களூரில் பூசணிக்காய் கிடைக்காதா என்று கேட்டதற்கு, "நம்ம ஊர் திருஷ்டிக்கு நம்ம ஊர்க் காயிதான் ஆகணும்" என்றார். மழைக்காலம் முடிந்ததும் வேலையை விடுவது, வீட்டை வாடகைக்கு விடுவது, படகிலேயே குடியேறி உலகத்தைச் சுற்றுவது. இதுதான் திட்டம்.

திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. அதற்கு நாலு கால், ஒரு வால்.

எங்கள் பக்கத்து டவர் கட்டிக்கொண்டிருந்தபோது அங்கே ஒரு தெருநாய்க்குட்டி வளர்ந்தது. கலவை போடுகிற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து வேலையை மேற்பார்வை பார்க்கும். யாராவது பீடி பற்ற வைத்து உட்கார்ந்தால் குரைக்கும். ஆட்களே அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தார்கள். கட்டடம் முடிந்து ஆட்கள் போய்விட, வேலையில்லாமல் நின்ற மேஸ்திரியை வத்சலா அக்கா வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

வத்சலா அக்கா கப்பல் சாரின் மனைவி. அரசாங்க ஆபீசில் கணக்குப் பிரிவில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் அதற்கு அப்பீல் கிடையாது. படகு வாங்கிய செய்தியைக் கேட்டுவிட்டு அவர் சொன்னதை எங்கள் பிளாக்கில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

"மேஸ்திரி வந்தா நான் வரேன். அவன் வரலைன்னா நானும் இல்ல. நாங்க ரெண்டு பேரும் இங்கயே இருக்கோம். நீங்க போய் ஏதாவது திமிங்கலத்தோட குடும்பம் நடத்துங்க."

கப்பல் சார் ஆடிப்போனார். படகில் நாயை வைத்துக்கொள்ளலாமா என்பதில் அவர் பார்த்த வீடியோக்காரர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். ஆகவே அவர், பெங்களூர் அபார்ட்மெண்ட்வாசி ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய காரியத்தைச் செய்தார். விஷயத்தை அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

அந்தக் குழுவில் அதுவரை தண்ணீர் லாரியைப் பற்றியும், அடுத்தவன் பார்க்கிங்கில் நின்ற வெள்ளைக் காரைப் பற்றியும் தவிர வேறெதுவும் பேசியதில்லை. "படகில் குடியிருக்கப் போகிறவர்கள் நாயை உடன் வைத்துக்கொள்ளலாமா, கூடாதா? மனம் திறந்து கூறவும்" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டால் விடுவார்களா? கடலைக் காலண்டரில் மட்டும் பார்த்தவர்கள் எல்லாம் மாலுமிகளாகிவிட்டார்கள். அலையில் வழுக்கி விழுந்துவிடும் என்றார் ஒருவர். வெயிலில் வதங்கிவிடும், வெளிநாட்டுத் துறைமுகத்தில் நாயை இறங்கவே விடமாட்டான் என்றார் இன்னொருவர். திருடன் வந்தால் குரைக்க ஆள் வேண்டாமா என்றது எதிர்க்கட்சி. நடுக்கடலில் திருடன் எப்படி வருவான் என்று கேட்டதற்கு, நீங்கள் போகவில்லையா, அதுபோல அவனும் வருவான் என்று பதில் வந்தது. மூன்றாவது மாடிக்காரர் "பூனை வைத்துக்கொள்ளலாமே" என்று எழுதி இரண்டு கட்சியிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கடைசியில் செக்ரட்டரி மேடம் வந்தார். நாய்கள் விஷயத்தில் அவர் கறாரானவர். நாய்க்கென்று தனி லிஃப்ட், தனி நேரம், தனி வாசல் என்று போர்டு வைத்தவர். "கடலும் பொது இடம்தான். கழுத்துப்பட்டை கட்டாயம்" என்று தீர்ப்பு எழுதி விவாதத்தை மூடினார்.

என் ஓட்டு, நாயை அவசியம் அழைத்துப் போக வேண்டும் என்பது. காரணம் தத்துவமல்ல. எனக்கு நாய் என்றால் பயம். மேஸ்திரியோ என்னைக் கண்டால் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்க்கும், பூச்சு வேலை சரியில்லை என்கிற மாதிரி. அது கண்டம் விட்டுக் கண்டம் போனால் எனக்கு நிம்மதி.

இந்த விவாதத்தையெல்லாம் அலசி ஆராய்ந்த கப்பல் சார், பிரச்சினை ஒன்றே ஒன்றுதான் என்று கண்டுபிடித்தார். நாயைப் பழக்கிவிட்டால் தீர்ந்தது. ஐ.டி.காரர் அல்லவா, எதையும் முதலில் ஒரு ட்ரையல் ஓட்டிப் பார்க்காமல் விடுவாரா? பால்கனியைப் படகின் மேல்தளம் என்று அறிவித்தார். பயிற்சி ஆரம்பமானது.

முதலில் உயிர்காப்புச் சட்டை. ஆரஞ்சு நிறத்தில், முதுகில் கைப்பிடி வைத்தது. கடலில் விழுந்தால் பெட்டியைத் தூக்குவது போல நாயைத் தூக்கிவிடலாம். பழக வேண்டுமென்று நாள் முழுக்க அதைப் போட்டே வைத்திருந்தார். தனியாகப் போட்டுக்கொள்ள மேஸ்திரி கூச்சப்படும் என்று தானும் ஒன்று போட்டுக்கொண்டார். ஒருநாள் இருவரும் அந்தக் கோலத்தில் லிஃப்டில் இறங்குகிறார்கள். வீடு பார்க்க வந்த ஒரு புதுக் குடும்பம் ஏறுகிறது. அந்த அம்மா நாயைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், மெல்லக் கேட்டார்.

"சார், மழை பெஞ்சா இங்க தண்ணி எவ்வளவு தூரம் ஏறும்?"

"அலையைப் பொறுத்தது மேடம்" என்றார் கப்பல் சார், தன் நினைவில்.

அந்தக் குடும்பம் வீட்டைப் பார்க்காமலே திரும்பிப் போய்விட்டது. வீட்டு புரோக்கர் ஒரு வாரம் கேட்டில் நின்று கன்னடத்தில் திட்டினார்.

அடுத்தது ஆட்டப் பயிற்சி. பால்கனி உத்தரத்தில் கொக்கி மாட்டி, நாலு கயிற்றில் ஒரு பலகையைத் தொங்கவிட்டார். முன்னும் பின்னும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் ஆடும்படி அதில் ஏதோ ஏற்பாடு. மேஸ்திரியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தானும் உட்கார்ந்து, முனியப்பனை அசைக்கச் சொன்னார். "இன்னும் ஜோரா மாடப்பா, புயல் வரணும்!" என்று கன்னடம் கலந்து உற்சாகப்படுத்தினார். முனியப்பன் கிருஷ்ணகிரிக்காரர், சொன்னதைச் செய்கிறவர். புயல் வந்தது. மேஸ்திரி முன்னங்காலில் முகத்தை வைத்துத் தூங்கிவிட்டது. சார் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் என் துண்டுக்கு நேர்ந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஆனால் உண்மையான பரீட்சை மூன்றாவது. படகில் மண் ஏது, மரம் ஏது, லைட் கம்பம் ஏது? நாய் எங்கே காலைத் தூக்கும்? இதற்கென்று பச்சைப் புல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் மேட் வாங்கிப் பால்கனியில் விரித்தார். இனி மேஸ்திரிக்கு வெளியே போகிற பழக்கமே கிடையாது, எல்லாம் மேட்டில்தான் என்று சட்டம் போட்டார். குழந்தையைப் பெரியவர்கள் நிற்க வைத்துச் சொல்வார்களே, அதே மாதிரி "உஸ்ஸ்ஸ்" என்று சத்தம் கொடுத்தபடி விடிந்ததும் பக்கத்தில் நிற்பார். மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்க்கும், வாலை ஆட்டும், உள்ளே போய்ப் படுத்துவிடும். அந்த உஸ்ஸைக் கேட்டுக் கேட்டு, காலையில் காபி குடிக்கும்போதே கீழ்மாடிக்காரர்கள் நாங்கள் எழுந்து ஓடத் தொடங்கினோம். நாயைத் தவிர மொத்த பிளாக்கும் பயிற்சியில் தேறிவிட்டது.

பிறகு ஒருநாள் எங்கள் வீட்டு மணி அடித்தது. வாசலில் கப்பல் சார், கையில் மைசூர்பாகுத் தட்டு, கண்ணில் தண்ணீர்.

"எடுத்துக்கோம்மா, எடுத்துக்கோ!"

என் மனைவிக்கு ஒரே சந்தோஷம். "பேரனா சார், பேத்தியா?" என்றாள்.

"மேஸ்திரி மேட்ல மூச்சா போயிட்டான்மா!"

அவள் எடுத்த மைசூர்பாகை வாயில் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். அன்று முதல் தினமும் காலையில் மேட் ஈரம். கப்பல் சார் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

மழைக்காலம் முடிந்தது. அக்கா கடைசி நிபந்தனையைச் சொன்னார். படகில் ஏறி, கரை தெரியாத தூரம் போய், ஒரு ராத்திரி கடலிலேயே இருந்துவிட்டு வர வேண்டும். மேஸ்திரி நன்றாக இருந்தால் வீட்டைக் காலி பண்ணலாம். இல்லாவிட்டால் படகை விற்றுவிட வேண்டும். பேச்சு மாறக்கூடாது. கப்பல் சார் ஒத்துக்கொண்டு கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

"சாட்சிக்கு ஒருத்தர் வரணும்" என்றார் அக்கா. "உங்களை நம்ப முடியாது. நாய் மயங்கிக் கிடந்தாலும் தியானம் பண்றான்னு சொல்லுவீங்க. நாயைப் புடிக்காத ஆளா இருந்தாத்தான் உண்மை வரும்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க வாங்க."

அந்தப் பழைய தலையாட்டலை நினைத்துக்கொண்டு நான் மறுபடியும் தலையாட்டினேன்.

மங்களூர் வரை பின் சீட்டில் நானும் மேஸ்திரியும். மலைப்பாதை வளைவுகளில் நான் அதன் மேல் சாய்ந்தேன், அது என் மேல் சாய்ந்தது. வழியெல்லாம் எனக்குச் சொல்லத் தெரிந்த ஸ்லோகங்கள் ஒன்றுவிடாமல் தீர்ந்துபோயின. மறுநாள் விடிகிற நேரம், படகுத்துறையில் மேஸ்திரி ஓடியாடிக் காலைக் கடனை முடித்துக்கொண்டதும், அதை முதுகுப்பிடியில் தூக்கிப் படகில் வைத்தோம். என்னையும் கிட்டத்தட்ட அப்படித்தான் வைத்தார்கள்.

ஒன்றை இங்கே ஒழுங்காகச் சொல்லியாக வேண்டும். ஆறு கடலில் சேருகிற இடத்தைத் தாண்டியதும் கப்பல் சார் மோட்டாரை நிறுத்தினார். பாயை ஏற்றினார். படகு ஒரு பக்கம் சாய்ந்து, சத்தமில்லாமல் ஓடத் தொடங்கியது. எங்கள் பிளாக்கில் யாரைப் பார்த்தாலும் நிறுத்தி வைத்துப் பேசுகிற அந்த மனிதர், முதல்முறையாக வாயைத் திறக்கவில்லை. சுக்கானில் ஒரு கை, கண் பாயின் மேல். பால்கனியில் பட்ட பாடெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வாந்தி எடுத்தது நான்தான். நாங்கள் கேலி பண்ணிய ஆள் வேறு, இங்கே உட்கார்ந்திருந்தவர் வேறு. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

மேஸ்திரியும் குறை வைக்கவில்லை. படகின் மூக்கில் போய் நிமிர்ந்து உட்கார்ந்து, கடலை மேற்பார்வை பார்க்கத் தொடங்கியது. கரை மெல்ல மங்கி மறைந்தது. அக்கா கட்டிக் கொண்டுவந்த புளியோதரையைப் பிரித்தோம். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

"சரி, மேஸ்திரி, வா ராஜா" என்று பச்சை மேட்டை விரித்தார் கப்பல் சார். "உஸ்ஸ்ஸ்."

மேஸ்திரி மேட்டை மோந்து பார்த்தது. சுற்றி வந்தது. திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு உஸ். பிறகு இன்னொன்று. மத்தியானம் தாண்டியது. மேஸ்திரி இப்போது உட்காரவில்லை. படகின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தது. மரமா, கம்பமா, மண்ணா என்று தேடித் தேடி, பாய்மரத்தை மோந்து பார்த்து, கப்பல் சார் முகத்தைப் பார்த்து, தப்பு பண்ணக்கூடாது என்பது போல விலகி வந்தது. உஸ் சொல்லிச் சொல்லி அவர் தொண்டை கட்டிவிட்டது. பிறகு அக்கா உஸ் சொல்லிப் பார்த்தார். கடைசியில் அரபிக்கடலின் நடுவில், நாய் என்றால் பயந்து ஓடுகிற நானும் மண்டி போட்டு "உஸ்ஸ்ஸ்" என்றேன். மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையில் அன்று குறை காண்கிற எண்ணமே இல்லை. அதன் பின்னங்கால்கள் நடுங்கின.

"வீட்ல தினம் போவானே! தினம் போனானே, வத்சலா!"

அக்கா கடலைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "போகலைங்க."

"என்ன போகலை?"

"ஒரு நாளும் போகலை. அடக்கிட்டு அடக்கிட்டு என் முகத்தைப் பார்ப்பான். எனக்கு மனசு கேக்கலை. நீங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடி கீழ கூட்டிட்டுப் போயிட்டு வந்துருவேன். மேட்ல ஊத்துனது சீரகத் தண்ணி."

கப்பல் சார் மேட்டைப் பார்த்தார். "அப்ப மத்தியானம்? சாயங்காலம்?"

அக்கா போனைத் திறந்து காட்டினார். "மேஸ்திரி அவசரம்" என்று ஒரு வாட்ஸ்அப் குழு. எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் அதில் இருந்தார்கள். "சார் ஆபீஸ் வண்டி ஏறியாச்சு, யார் வரீங்க" என்று முனியப்பன். "அவர் குளிக்கப் போயிட்டார், சீக்கிரம்" என்று அக்கா. "ரெண்டும் ஆச்சு" என்று மூன்றாவது மாடிக்காரர், கட்டைவிரல் படத்தோடு. அட்மின் யார் தெரியுமோ? தனி லிஃப்ட், தனி வாசல் என்று போர்டு வைத்த செக்ரட்டரி மேடம். ஊரில் எந்த நாய்க்கும் கிடைக்காத அளவுக்கு மேஸ்திரி வெளியே போய் வந்திருக்கிறது. பயிற்சி என்ற பெயரில் அது அந்த நாட்களில் வாழ்ந்தது ராஜ வாழ்க்கை.

"என்னை ஏன்க்கா சேர்க்கலை?" என்று கேட்டுவிட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் உறைத்தது.

"நீங்க எழுதற ஆளு தம்பி. எங்கயாவது எழுதிட்டீங்கன்னா?"

கப்பல் சார் எங்கள் இரண்டு பேர் பேச்சையும் கேட்கவில்லை. காற்று அப்போதுதான் அருமையாகப் பிடித்திருந்தது. பாய் நிறைந்து நின்றது. முன்னால் அவர் ஆசைப்பட்ட கடல், கரையில்லாத கடல். திரும்பினால் எல்லாம் முடிந்தது, படகை விற்க வேண்டும். அது அவருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும், சாட்சியான எனக்கும் தெரியும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நாய் தானாகப் போகும் என்று அவர் சொல்லியிருக்கலாம். வீடியோக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அதில் தப்பும் இல்லை. மேஸ்திரி வந்து அவர் முழங்காலில் தலையை வைத்து முனகியது.

அவர் அக்காவைக் கோபித்துக்கொள்ளவில்லை. யோசித்த மாதிரிகூடத் தெரியவில்லை. "குரு, தலையைக் குனி" என்றார் என்னிடம். சுக்கானைத் திருப்பினார். பாய் என் தலைக்கு மேல் வீசிக்கொண்டு மறுபக்கம் போனது. படகு கரையைப் பார்த்துத் திரும்பிவிட்டது.

காற்றோடு மோட்டாரையும் போட்டு ஓட்டினார். வழி நெடுக மேஸ்திரியைத் தடவிக் கொடுத்தபடி, "ஆயித்து ராஜா, ஆயித்து, இதோ வந்துட்டோம்" என்று கன்னடமும் தமிழுமாகப் பேசிக்கொண்டே வந்தார். வெயில் சாய்கிற நேரம் ஒரு தென்னந்தோப்புக் கரை தெரிந்தது. நங்கூரம் போட்டதும், கூட இழுத்து வந்த சின்ன ரப்பர் படகில் நாயைத் தூக்கி வைத்துத் தானே துடுப்புப் போட்டார். அவசரத்தில் பாதித் தூரம் வட்டமடித்தார். கரை வருவதற்கு முன்பே இருவரும் தண்ணீரில் குதித்தார்கள். மேஸ்திரி மணலில் அம்பாகப் பாய்ந்தது. முதல் தென்னை மரம் கிடைத்தது. காலைத் தூக்கியது. தூக்கிய கால் இறங்கவே இல்லை.

இடுப்புவரை நனைந்த பேண்ட்டோடு கப்பல் சார் பக்கத்தில் நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் போட்ட "உஸ்ஸ்ஸ்" படகில் எங்களுக்குக் கேட்டது. அத்தனை வருஷக் கனவு தோற்றுப்போன ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான் அக்கா பக்கம் திரும்பினேன். "சாட்சி சொல்லணும்னா... நாய் தேறலைக்கா."

அக்கா கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு நாயைப் பத்திக் கவலையே இல்ல தம்பி. நடுக்கடல்ல எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்த மனுஷன் திருப்புவாரா, இல்ல காத்து நல்லாயிருக்குன்னு போயிட்டே இருப்பாரா? அந்தப் பயம்தான். அதை எப்படி வாய்விட்டுக் கேக்கறது? கேட்டா கோவம் வரும், திருப்பாம இருப்பனான்னு கத்துவாரு." கரையைக் கையால் காட்டினார். "நான் கேக்காமலே திருப்பிட்டாரு. வீட்டைக் காலி பண்ணலாம்னு சொல்லிடுங்க."

அந்தச் செய்தியைக் கரையிலிருந்தவருக்குக் கத்திச் சொன்னது நான்தான். அலைச் சத்தத்தில் அவருக்குப் புரிய ரொம்ப நேரமாயிற்று. புரிந்ததும் மேஸ்திரியை உயிர்காப்புச் சட்டையோடு தூக்கிக் கட்டிக்கொண்டார். அது இன்னும் காலை இறக்கியிருக்கவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

இப்போது அவர்கள் மூவரும் படகில்தான் இருக்கிறார்கள். உலகம் சுற்றுகிற திட்டம் மேஸ்திரியின் சௌகரியத்துக்கு ஏற்பச் சுருங்கிவிட்டது. கரை கண்ணைவிட்டு மறையாமல், ஒரு மணலிலிருந்து அடுத்த மணலுக்குப் போகிறார்கள். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, ரப்பர் படகில் நாயைக் கரைக்குக் கொண்டுபோய் வருகிறார் கப்பல் சார். எங்கள் பிளாக்கில் "மேஸ்திரி அவசரம்" குழு இன்னும் கலையவில்லை. என்னையும் சேர்த்துவிட்டார்கள். தினமும் ஒரு தென்னை மரத்தின் படம் வருகிறது.

போன வாரம் பேசினேன். "எது வரைக்கும் போயிருக்கீங்க சார்?" என்றேன்.

"கோகர்ணம் பக்கம் குரு."

"இவ்வளவு நாள்ல இவ்வளவுதானா? இப்படிப் போனா ஆப்பிரிக்கா எப்ப வரும்?"

"ஆப்பிரிக்கா எங்க ஓடிடப் போகுது? இவனுக்குத்தான் பொறுக்காது" என்றார். பின்னால் மேஸ்திரி குரைத்தது. "சரி வெச்சுடறேன், கூப்பிடறான்" என்று வைத்துவிட்டார்.

நான் இன்றைக்கும் தெருவில் நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறவன்தான். ஆனாலும் காலையில் எழுந்து காபி டம்ளரைக் கையில் எடுக்கும்போது, பால்கனிக்கு வந்து, இந்நேரம் மேஸ்திரி கரைக்குப் போய்விட்டு வந்திருக்குமா, துடுப்புப் போட்டவருக்குக் கை வலிக்காமல் இருக்குமா என்று நினைக்காமல் முதல் வாய் குடிப்பதில்லை.